வரிக்காகப் போட்ட கோடு

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, நாகப்பட்டினத்தை அடுத்த ஆனைமங்கலம் என்ற ஊரைச் சுற்றி ஒரு பெண் யானையை நடத்திச் சென்றார்கள். நிலம் தெரிந்த உள்ளூர்க்காரர் அதன் மேல் அமர்ந்து எல்லையைக் காட்ட, சோழ அரசின் அதிகாரிகள் உடன் நடந்தார்கள். யானை போன தடத்தில் கல் நட்டார்கள், கள்ளி வைத்தார்கள். ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் அந்த ஊரைக் கொடுத்தபோது, 1006ஆம் ஆண்டையொட்டி நடந்தது இது. லெய்டன் செப்பேடு என்று பின்னாளில் பெயர் பெற்ற செப்பேட்டுத் தொகுதியில் இந்த விவரங்கள் பதிவாகியுள்ளன. நிலம் 97 வேலிக்கு மேல். அதிலிருந்து விகாரத்துக்குப் போய்ச் சேரவேண்டிய நெல் 8,943 கலத்துக்கு மேல்.

அந்தச் செப்பேட்டில் நீண்டு கிடப்பது கையெழுத்துப் பட்டியல். ஆனைமங்கலத்தைச் சுற்றியிருந்த ஊர்களின் சபையார் ஒவ்வொருவராக எல்லையை ஒப்புக்கொண்டு கைச்சாத்து இட்டிருக்கிறார்கள். அரசன் ஆணையிட்டாலும், அடுத்த ஊர்க்காரர் ‘ஆம், எங்கள் நிலம் இதுவரைதான்’ என்று ஒப்பினால்தான் எல்லை நிற்கும் என்பது அன்றைய நடைமுறை.

தமிழ்நாட்டின் நில வழக்குகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நிகழ்ச்சி போதும். அதற்குள் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, நிலத்தை அளந்து அதற்கான வருவாயைக் குறிப்பது. மற்றொன்று, அண்டை அயலாரைச் சாட்சியாக வைத்து எல்லையை நிலைநிறுத்துவது. அடுத்து வந்த அரசுகள் முதல் வேலையை மேலும் மேலும் துல்லியமாக்கின. இரண்டாவது வேலை படிப்படியாகக் கைநழுவியது. இன்று வரப்புக்காக வெட்டுக்குத்து வரை போகும் சண்டைகளின் வேர் இந்த நழுவலில் இருக்கிறது.

சோழர் அளவையின் நுணுக்கம் வியப்பூட்டுவது. 1001ஆம் ஆண்டுவாக்கில் ராஜராஜன் நாடு முழுவதையும் அளக்கச் செய்தான். அந்தப் பணியை நடத்திய சேனாபதிக்கு ‘உலகளந்தான்’ என்ற பட்டம் கிடைத்தது. 1086இல் முதலாம் குலோத்துங்கன் மறுபடி அளந்தான். இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்து டூம்ஸ்டே ஏட்டைத் தொகுத்ததும் அதே ஆண்டுதான். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. அதற்குக் கீழே போனால் காணி, முந்திரி. ஒரு முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அதையும் 320 ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் நிலப்பரப்பு இத்தகைய கீழ்ப்பின்னங்கள் வரை எழுதப்பட்டிருக்கிறது. இவ்வளவு நுணுக்கமாக ஒரு பயிர் வரிசையைக்கூடப் பிரித்துக் காட்ட முடியாது. அது வரிக் கணக்குக்கான நுணுக்கம்.

அளக்கும் கோலும் எங்கும் ஒன்றாக இல்லை. பதினாறு சாண் கோல், பன்னிரண்டடிக் கோல், பதினெட்டடிக் கோல் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியது. சந்தேகம் வந்தால் ஒத்துப்பார்க்க, கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலும் அடித்தளத்திலும் வெட்டி வைத்தார்கள். பல கோயில்களில் அந்த அளவுக் குறிகளை இன்றும் பார்க்கலாம்.

அந்தக் கல்வெட்டுகளில் இன்னொரு செய்தியும் உண்டு. ஊரின் மொத்த நிலத்தைச் சொன்ன பிறகு, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவற்றை இறையிலி என்று மொத்தமாகக் கழித்துவிடுகிறார்கள். மிஞ்சியதற்குத்தான் வரி. மக்கள் குடியிருந்த இடத்தில் யார் வீடு எதுவரை என்று அரசு கேட்கவில்லை. இந்த விடுபடல் ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்குப் பிறகும் தொடர்ந்ததைப் பின்னால் பார்ப்போம்.

எல்லைக் கற்களிலும் உரிமையாளரின் அடையாளம் பொறித்தார்கள். சிவன் கோயில் நிலத்துக்குச் சூலம், பெருமாள் கோயில் நிலத்துக்குச் சக்கரம் பொறித்த திருவாழிக்கல், சமணப் பள்ளியின் நிலத்துக்கு முக்குடை. எழுத்து தெரியாத உழவரும் கல்லைப் பார்த்ததும் அது யார் நிலம் என்று அறிந்தார். இப்படிப்பட்ட கற்கள் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் இன்றும் கிடைத்தபடி இருக்கின்றன.

கடவுளருக்கே பங்காளிச் சண்டை வந்தது உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயத்தில் ஒரே பாறையில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைக் கோயில்கள் இருக்கின்றன. நிலத்தையும் வருவாயையும் யார் அனுபவிப்பது என்று இரு தரப்புக்கும் நீண்ட நாள் வழக்கு. 1245இல் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயகர் முன்னிலையில் ஊரார், நாட்டார் கூடிப் பேசிப் பங்கு பிரித்தார்கள். அந்தத் தீர்ப்பைச் சுவரில் எழுத இடம் வேண்டியிருந்தது. அங்கே ஏற்கெனவே இருந்த பழைய இசைக் கல்வெட்டின் பெரும்பகுதியை அழித்துவிட்டு அதன் மேல் எழுதினார்கள். தமிழகத்தின் அரிய இசை ஆவணங்களுள் ஒன்று சொத்துத் தகராற்றின் தீர்ப்புக்காக மறைந்தது. இன்று இரண்டு கோயில்களுக்கும் நடுவே மதில் நிற்கிறது.

எல்லா ஊரிலும் தனித்தனி வரப்பு நிலையாக இருந்ததும் இல்லை. தொண்டைமண்டலத்திலும் காவிரிக் கழிமுகத்திலும் மிராசு ஊர்கள் பல, நிலத்தைப் பங்காக வைத்திருந்தன. ஒருவருக்கு ஊரில் இத்தனை பங்கு என்று இருக்கும். எந்த வயல் என்பது நிலையாக இராது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரையீடு நடக்கும். நல்ல நிலம், மட்ட நிலம், மேட்டு நிலம் எல்லாம் மாறிமாறி எல்லோருக்கும் கிடைக்கும்படி மறுபடி பங்கிடுவார்கள். இப்படி மாறும் முறைக்குப் பசுங்கரை என்றும், ஒரேயடியாகப் பிரித்துக்கொண்டதற்கு அறுதிக்கரை என்றும் பெயர். பசுங்கரை ஊரில் வரப்பை அரையடி நகர்த்துவதில் பெரிய லாபம் இல்லை, அடுத்த பங்கீட்டில் அந்த வயல் வேறொருவர் கைக்குப் போய்விடும். ஆனால் இந்த ஏற்பாட்டின் நன்மை மிராசுதாரர்களுக்கு மட்டும்தான். உழைத்த பண்ணையாளுக்கு அதில் பங்கில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு நிலம் வந்ததும் அளவை புதிய வேகம் பிடித்தது. செங்கல்பட்டு ஜாகீரில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகளின் ஓலைச் சுவடிகள் தமிழிலேயே எழுதப்பட்டவை. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனிக்குக் கிடைத்தபோது, கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வயல் வயலாக அளந்து ஒவ்வொரு உழவரிடமும் நேரடியாகத் தீர்வை வசூலிக்கும் முறையை உருவாக்கினார்கள். ரயத்துவாரி அங்கேதான் பிறந்தது. மன்றோ 1820இல் சென்னை ஆளுநரானதும் அதுவே மாகாணத்தின் பெரும்பகுதிக்கு முறையாயிற்று.

அளவையாளர்களைப் பயிற்றுவிக்க 1794இல் சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளியே வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரியானது. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணங்களால் பின்னும் பெரும்பணியைத் தொடங்கினார். ஆனால் உழவரின் வரப்பைத் தொட்ட அளவை வேறு. அது 1858இல் சென்னை மாகாணத்தில் தனி அளவைத் துறை அமைந்ததிலிருந்து தொடங்குகிறது.

66 அடி நீளச் சங்கிலி, அதில் நூறு கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. வயலுக்குக் குறுக்கே மூலைவிட்டம் இழுத்து, அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்துத் தூரம் எடுத்துக் குறித்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் சர்வே எண்ணும் புலப்படமும் உண்டாயின. முனைகளில் கருங்கல் நட்டார்கள். மூன்று ஊர் எல்லைகள் சந்திக்கும் இடத்தில் முச்சந்திக் கல். அந்தக் காலச் சங்கிலி அளவைத் தாங்கிய புலப்படங்களே இன்றும் பெரும்பாலான ஊர்களில் எல்லைக்கு ஆதாரம். அவற்றை ‘எஃப்.எம்.பி.’ என்றே ஊர்மக்கள் சொல்கிறார்கள்.

கல்லைக் காக்கவும் சட்டம் வந்தது. 1860இல் எல்லைக் குறிகளுக்கான சட்டம், 1897இல் அளவை மற்றும் எல்லைகள் சட்டம், அதற்கு மாற்றாக இன்றும் நடப்பில் உள்ள 1923ஆம் ஆண்டுச் சட்டம். நிலத்தின் அளவுக்கல்லைப் பராமரிப்பதும் பழுதுபார்ப்பதும் பதிவுபெற்ற நில உடைமையாளரின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அளவை முடிந்து அறிவிக்கை வந்தபின், மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகாதவருக்கு அந்த எல்லையே இறுதி. பெரும்பாலான உழவர்கள் இந்தக் காலக்கெடுவை அறிந்ததே இல்லை. கல் உழவில் சாய்ந்தது, சில சமயம் வீட்டுப் படிக்கல்லாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் போனது.

சென்னையில் அளவைத் துறை பிறந்த அதே 1858இல், தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அரசுப் பதிவேட்டில் ஒருவர் பெயர் ஏறினால் அந்த நிலத்துக்கு அவரே உரிமையாளர் என்பதற்கு அரசே உத்தரவாதம். தமிழ்நாட்டு உழவருக்குக் கிடைத்த பட்டாவுக்கு அந்த வலிமை கிடையாது. தீர்வை யாரிடம் வாங்குவது என்பதைக் குறிக்கும் சீட்டு அது. பட்டா உரிமைமூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கின்றன. பதிவு அலுவலகமும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பத்திரத்தைப் பதிவு செய்கிறது, விற்பவருக்கு உரிமை உண்டு என்று சான்று தருவதில்லை. பட்டா ஒரு துறையில், பத்திரம் ஒரு துறையில், இரண்டும் முரண்பட்டால் தீர்ப்பு நீதிமன்றத்தில். 1858இல் இரண்டு நாடுகள் இரண்டு வழிகளில் பிரிந்ததன் பலனை இங்கே மூன்று, நான்கு தலைமுறைகள் வாய்தா வாய்தாவாக அனுபவித்திருக்கின்றன.

வரிப் பதிவேட்டை உரிமைப் பதிவேடாக எடுத்துக்கொண்டதில் பெரிய இழப்பு உழைத்தவர்களுக்கு. பட்டாவில் தீர்வை கட்டியவர் பெயர் ஏறியது, தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்தவர் பெயர் ஏறவில்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை இந்த அநீதியை அரசின் முன் வைத்தது. 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும், அந்த நிலங்கள் பிறர் கைக்குப் போன கதையும் அவற்றை மீட்கும் போராட்டமும் இன்றுவரை தொடர்கின்றன.

அரசுப் படம் இப்படியிருக்க, பத்திரத்தில் பழைய முறையே நீடித்தது. இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு, இன்னார் தோட்டத்துக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு. இந்த நான்கெல்லைக்குட்பட்ட நிலம் என்று சோழர் காலச் செப்பேட்டு நடையிலேயே நம் கிரயப் பத்திரங்கள் பேசுகின்றன. பத்திரத்தில் சொன்ன நான்கெல்லையும் விஸ்தீரணமும் முரண்பட்டால், நான்கெல்லையே மேலோங்கும் என்பது நீதிமன்றங்களின் பொதுவான நெறி. ஆகவே அண்டை வீட்டுக்காரரின் பெயரே ஒருவரது சொத்தின் சுவர். அவர் நிலத்தை விற்றுவிட்டால், அவர் பிள்ளைகள் பிரித்துக்கொண்டால், வாய்க்கால் தூர்ந்தால், அந்தச் சுவர் ஆட்டம் காண்கிறது.

வயலில் தகராறு முளைக்கும் விதமும் பெரும்பாலும் ஒன்றுதான். நடவுக்கு முன் வரப்பின் பக்கவாட்டை மண்வெட்டியால் செதுக்கிப் புல் நீக்குவதை டெல்டாவில் அண்டை வெட்டுதல் என்பார்கள். தேவையான வேலைதான். ஆனால் ஒருவர் மட்டும் ஆண்டுதோறும் தன் பக்கத்தை ஆழமாக வெட்டி, மறுபக்கம் சும்மா இருந்தால், வரப்பு மெல்ல நகர்ந்துவிடும். ஐந்து சங்கிலி, அதாவது 330 அடி நீள வரப்பு ஓரடி நகர்ந்தால் முக்கால் சென்ட் நிலம் கைமாறுகிறது. நகர்த்தியவர் 12 ஆண்டு தடையின்றி, வெளிப்படையாக, தன் சொத்தென்றே அனுபவித்ததாக நிரூபித்தால், எதிரிடை அனுபவம் என்ற வாதம் வேறு கிளம்பும். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தந்த கணக்கு அது.

கொங்குநாட்டில் வரப்புக்குப் பதில் உயிர்வேலி. காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை மரங்களை நெருக்கமாக நட்டு வேலியாக்கினார்கள். இரண்டு காடுகளின் வேலிக்கு நடுவே ஆடுமாடும் வண்டியும் போகும் தடம் இட்டேரி. அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் உரியது. கிளுவை பட்டுப்போய், கல்லுக்கால் ஊன்றிக் கம்பி வேலி போட்டபோது இட்டேரிகள் பல, இரு பக்கத்துத் தோட்டங்களுக்குள்ளும் கரைந்துவிட்டன. அவற்றைத் தேடிப் போனால் கூட ஒரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சியாகக் காலங்காலமாக இருந்தவர் ஊர்க் கர்ணம். பரம்பரையாக வந்த பதவி, சாதியோடும் செல்வாக்கோடும் பின்னிய பதவி. கணக்கைத் திருத்திக் கொடுத்துப் பிழைத்தவர்களும் அதில் உண்டு. ஆனாலும் எந்தக் கல் எங்கே போயிற்று, எந்தத் தாத்தா எந்தப் பேரனுக்கு எந்தத் துண்டை விட்டார் என்ற செய்தி முழுவதும் அந்த வீட்டில் இருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுப் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. பரம்பரைப் பிடி அறுந்தது நியாயமான சீர்திருத்தம். அதன் மறுபக்கம், ஏட்டில் ஏறாத ஊர் நினைவு புதிய கிராம நிர்வாக அலுவலரிடம் ஒப்படைக்கப்படவில்லை.

அதே காலத்தில்தான் யூ.டி.ஆர். என்று ஊரறிந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டமும் நடந்தது. 1979இல் தொடங்கி 1987 வரை, மாநிலம் முழுவதும் பட்டாப் பதிவுகளைப் புதுப்பித்தார்கள். ஏக்கர், சென்ட் கணக்கு ஹெக்டேர், ஏர் ஆயிற்று. பழைய பதிவு அவ்வளவு பழுதாகியிருந்ததால் தேவையான பணி அது. ஆனால் அவசரத்தில் பெயர்கள் விடுபட்டன, ஒருவர் துண்டு மற்றவர் எண்ணில் சேர்ந்தது, உட்பிரிவு மாறியது. யூ.டி.ஆர். பிழைத் திருத்தம் கேட்டு வரும் மனுக்கள் இன்றும் வருவாய் அலுவலகங்களில் நின்றபாடில்லை. புதிய கணக்கில் விஸ்தீரணம் பெரும்பாலும் அரை ஏருக்கு முழுமையாக்கி எழுதப்படுகிறது. அரை ஏர் என்பது 50 சதுர மீட்டர், ஏறத்தாழ ஒன்றேகால் சென்ட். மேலே சொன்ன முக்கால் சென்ட் வரப்புச் சண்டை முழுவதும் அந்த முழுமையாக்கலுக்குள்ளேயே அடங்கிவிடும். பட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சண்டையைத் தீர்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

நத்தத்துக்கு இப்போது வருவோம். ஆங்கிலேயர் அளவையிலும் ஊர்நத்தம் தீர்வை இல்லாத இடம். ஆகவே மொத்தமாக ஒரே சர்வே எண்ணுக்குள் அடைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு அளந்து தனித்தனிப் பதிவு செய்யும் நத்தம் நிலவரித் திட்டப் பணி 20ஆம் நூற்றாண்டின் கடைசிக் கட்டத்தில்தான் பரவலாக நடந்தது. ராஜராஜன் காலத்தில் கழித்துவிட்ட அந்த இடத்துக்குள் அரசின் அளவுநாடா நுழைய அத்தனை காலம் ஆயிற்று. அதற்குள் கொல்லைப்புறச் சந்தும், பொதுச் சுவரும், பாதை விட்டதும் விடாததும் பல தலைமுறைப் பகையாக முற்றியிருந்தன. கிராமங்களில் நடக்கும் வாசல், சந்து, சாக்கடைத் தகராறுகளில் பெரும்பங்கு நத்தத்தில் எழுவது தற்செயல் அல்ல.

இன்று எல்லை தெரியவேண்டுமென்றால் எஃப் லைன் மனு கொடுக்கவேண்டும். அக்கம்பக்கத்து நிலத்தாருக்கு அறிவிப்பு அனுப்பி, சர்வேயர் வந்து அளந்து அத்துக் காட்டுவார். வழக்கு நடந்தால் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பும். அவர் சர்வேயரோடு வந்து அளந்து அறிக்கை தருவார். அருகில் கல் எதுவும் மிஞ்சாத இடத்தில், தொலைவிலுள்ள ஊர் எல்லைக் கல்லிலிருந்து அளந்துவர வேண்டியிருக்கும். அங்குலப் பிழை வழியில் அடிக்கணக்காகிவிடும். சங்கிலி போய் டோட்டல் ஸ்டேஷனும் செயற்கைக்கோள் கருவியும் வந்துவிட்டன. பட்டாவும் புலப்படமும் இணையத்தில் கிடைக்கின்றன. கருவி சென்டிமீட்டர் வரை சொல்கிறது. ஆனால் எந்தப் புள்ளியில் கருவியை நிறுத்துவது என்பதை நிலத்தில் நிற்பவர்கள்தான் சொல்லவேண்டும்.

அரசு உத்தரவாத உரிமை என்ற டோரன்ஸ் கனவும் நம் அருகே வந்து பார்த்தது. ஆந்திரப் பிரதேசம் 2022ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தை இயற்றி, 2023 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தங்கள் நிலத்துக்கான முடிவை நீதிமன்றத்திடமிருந்து அதிகாரிகள் கைக்கு மாற்றுகிறது என்ற அச்சம் உழவர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் எழுந்தது. 2024இல் ஆட்சி மாறியதும் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. பதிவேட்டை இறுதியாக்கும் முன் அதைச் சரியாக்க வேண்டும், சரியாக்கும்போது அடுத்த நிலத்துக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற கோரிக்கையில் அந்த அச்சத்தின் நியாயம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மறு அளவை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் செலவும் கருவியும் ஆள்பலமும் பேசப்படுகின்றன. அவற்றோடு மூன்று காரியங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அளக்கும் நாளை ஊர்க்கூட்டத்தில் அறிவிப்பது. அளந்ததை அன்றே வரைபடமாக இரு தரப்புக்கும் காட்டிக் கையெழுத்து வாங்குவது. மறுப்பு உண்டென்றால் மூன்றாண்டுக் காலக்கெடுவைத் தெளிவான தமிழில் கையில் எழுதிக்கொடுப்பது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அறிவிப்புக்கும் மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது. அதை ஏட்டளவில் விடாமல் வயலில் நடத்திக் காட்டினால், நீதிமன்றப் படியேறும் வரப்பு வழக்குகளில் பல அங்கேயே முடிந்துவிடும்.